பேட்மேன் அனிமேஷன் தொடரை டிஸ்க்கில் வாங்குவது எப்படி? முதல்முறை வாங்குவோருக்கு

1992 செப்டம்பர் 5 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்' ஓடத் தொடங்கியது. உருவாக்கியவர்கள் புரூஸ் டிம்மும் எரிக் ரடோம்ஸ்கியும். பேட்மேனுக்குக் குரல் கொடுத்தவர் கெவின் கான்ராய், ஜோக்கருக்கு மார்க் ஹாமில். இன்று நாம் காணும் பல பேட்மேன் கதைகளில் இந்தத் தொடரின் சாயல் இருக்கிறது. ஹார்லி குவின் என்ற பாத்திரமே இங்கேதான் பிறந்தது. இதைச் சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், நினைத்தபோது எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆசைப்பட்டு இணையத்தில் தேடினால்தான் சிக்கல் ஆரம்பம். 'வால்யூம் ஒன்று', 'வால்யூம் நான்கு', 'கம்ப்ளீட் சீரிஸ்', 'டீலக்ஸ் எடிஷன்', 'அட்வென்ச்சர்ஸ் ஆஃப் பேட்மேன் அண்ட் ராபின்', 'நியூ பேட்மேன் அட்வென்ச்சர்ஸ்' என்று பெயர்கள் வரிசை கட்டும். ஒன்றுக்குள் ஒன்று அடங்குமா, தனித்தனியா என்று பெட்டியைப் பார்த்து மட்டும் புரியாது. அதனால் ஒரு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்: 109. பெட்டியின் மேல் என்ன பெயர் வேண்டுமானாலும் எழுதியிருக்கட்டும். உள்ளே 109 எபிசோடுகள் இருந்தால் முழுத் தொடர். குறைந்தால் எது குறைகிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் 109 எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதல் சுற்றில் 65 எபிசோடுகள் எடுத்தார்கள். அடுத்து 20 எபிசோடுகள் வந்தன. அப்போது தொடரின் பெயரை 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் பேட்மேன் அண்ட் ராபின்' என்று மாற்றி ஒளிபரப்பினார்கள். பெயர் மாறினாலும் தொடர் ஒன்றுதான். ஓவிய பாணி, குரல்கள், உலகம் எல்லாம் அப்படியே தொடரும். இந்த 85 எபிசோடுகளும் 1995 செப்டம்பரோடு முடிந்தன.

1997-ல் வேறொரு தொலைக்காட்சி வலையமைப்பில், கிட்ஸ் டபிள்யூபி-யில், 'தி நியூ பேட்மேன் அட்வென்ச்சர்ஸ்' தொடங்கியது. 24 எபிசோடுகள். குழு ஏறக்குறைய அதேதான். ஆனால் உருவங்களை எல்லாம் புதிதாக வரைந்துவிட்டார்கள். கோடுகள் குறைந்து, கோணங்கள் கூர்மையாகி, ஜோக்கரின் முகமே அடையாளம் தெரியாத அளவுக்கு மாறியிருக்கும். சட்டென்று பார்ப்பவருக்கு வேறு தொடர் என்றே தோன்றும். இந்த 24-ஐத்தான் டிவிடியில் 'வால்யூம் நான்கு' என்று வெளியிட்டார்கள். அதை மட்டும் மலிவாகக் கிடைத்தது என்று முதலில் வாங்கிவிட்டு, "நான் கேள்விப்பட்ட தொடர் இப்படி இல்லையே" என்று குழம்பும் புதியவர்கள் உண்டு. அதில் நல்ல கதைகள் இருக்கின்றன, ஆனால் தொடங்க வேண்டிய இடம் அது இல்லை.

85-உம் 24-உம் சேர்ந்து 109. இவற்றோடு இரண்டு முழுநீளப் படங்களும் உண்டு. 1993 கிறிஸ்துமஸ் அன்று திரையரங்குகளுக்கு வந்த 'மாஸ்க் ஆஃப் தி ஃபேன்டசம்' ஒன்று. 1998-ல் நேரடியாக வீடியோவாக வந்த 'பேட்மேன் அண்ட் மிஸ்டர் ஃப்ரீஸ்: சப்ஜீரோ' இன்னொன்று. படங்கள் 109-க்குள் சேராது.

சந்தையில் என்னென்ன கிடைக்கும்

1990-களில் விஎச்எஸ் டேப்புகளாக வந்தன. ஒரு டேப்பில் சில எபிசோடுகள் மட்டும்; வில்லன் பெயரைப் போட்டு விற்றார்கள். அட்டைப்படங்கள் அழகானவை, சேகரிப்பாளர்களுக்குப் பிடிக்கும். தொடரைப் பார்க்க விரும்பும் ஒருவர் இதில் காசைப் போட வேண்டியதில்லை. டிவிடி வந்த புதிதில் நாலைந்து எபிசோடுகளை மட்டும் கொண்ட ஒற்றை டிஸ்க்குகளும் வந்தன. அவற்றையும் தாண்டிப் போய்விடலாம்.

முறையான தொகுப்புகள் 2004-ல் ஆரம்பித்தன. வால்யூம் ஒன்று 2004 ஜூலையில், இரண்டு 2005 ஜனவரியில், மூன்று அதே ஆண்டு மே மாதத்தில், நான்கு டிசம்பரில். முதல் இரண்டிலும் தலா 28 எபிசோடுகள், மூன்றாவதில் 29, நான்காவதில் 24. கூட்டினால் 109 வரும். ஒவ்வொரு வால்யூமிலும் நான்கு டிஸ்க்குகள். 2008 நவம்பரில் இந்த நான்கையும் ஒரே பெட்டியில் போட்டு, கூடுதல் அம்சங்களுக்கு ஒரு டிஸ்க்கும் சேர்த்து, 17 டிஸ்க்குகளாக வெளியிட்டார்கள்.

2018 அக்டோபர் 30 அன்று ப்ளூ-ரே வந்தது. 'பேட்மேன்: தி கம்ப்ளீட் அனிமேட்டட் சீரிஸ், டீலக்ஸ் லிமிடெட் எடிஷன்' என்பது பெயர். 10 டிஸ்க்குகளில் 109 எபிசோடுகள், இன்னும் 2 டிஸ்க்குகளில் அந்த இரண்டு படங்கள். எண்ணிட்ட பெட்டி, மூன்று சின்ன ஃபங்கோ பொம்மைகள், அசைத்தால் படம் மாறும் அட்டைகள் என்று சேகரிப்பாளர்களை மனதில் வைத்துச் செய்தது. பிறகு பொம்மையும் அட்டையும் இல்லாத எளிய ப்ளூ-ரே தொகுப்பும் வந்தது. அதை வாங்கும்போது இரண்டு படங்களும் உள்ளே இருக்கின்றனவா என்று மட்டும் டிஸ்க் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரீமிங்கில் வந்தால் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். தாராளமாகப் பார்க்கலாம், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. 2018 செப்டம்பரில் 'டிசி யுனிவர்ஸ்' என்ற சேவை தொடங்கியபோது இந்தத் தொடரின் எச்டி வடிவம் அதன் முக்கியமான ஈர்ப்புகளில் ஒன்று. 2021 ஜனவரியில் அந்தச் சேவை வீடியோவைக் கைவிட்டு காமிக்ஸ் மட்டும் படிக்கும் இடமாக மாறிவிட்டது. சந்தா கட்டியவர்கள் வேறு இடம் தேடிப் போனார்கள். டிஸ்க் வாங்கியவர்களின் அலமாரியில் தொடர் அப்படியே இருந்தது.

டிவிடியா, ப்ளூ-ரேயா

என் கருத்து ஒளிவுமறைவில்லாமல்: உங்களால் முடிந்தால் ப்ளூ-ரே. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாப் பழைய கார்ட்டூன்களுக்கும் இந்தப் பதில் பொருந்தாது.

அந்தக் காலத்தில் அனிமேஷன் என்றால் ஒளிபுகும் செல் தாளில் கையால் வண்ணம் தீட்டி, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து, ஒவ்வொரு பிரேமாக கேமராவில் படம் பிடிப்பது. படம் பிடித்தது பிலிமில்தான். ஆனால் 1980-களிலும் 90-களிலும் பல தொடர்களில் பிலிமை வீடியோ டேப்புக்கு மாற்றி, அந்த டேப்பிலேயே எடிட்டிங்கை முடித்துவிடுவார்கள். அப்படி முடித்த தொடருக்கு இறுதி வடிவம் என்று இருப்பது டேப் மட்டும். அதை ப்ளூ-ரேயில் போட்டாலும் பழைய தொலைக்காட்சியின் தரத்துக்கு மேல் எதுவும் வராது. பெரிதாக்கிய மங்கலான படமாகத்தான் இருக்கும். 'பேட்மேன்' ப்ளூ-ரேயை 35 மி.மீ. பிலிமிலிருந்து புதிதாக உருவாக்கினார்கள். அதனால் ஓவியர் வரைந்த கோடு, பின்னணியில் தூரிகை போன தடம், எல்லாம் கண்ணுக்குத் தெரிகின்றன.

எண்ணிலும் பார்த்துவிடுவோம். அமெரிக்க டிவிடியில் ஒரு பிரேமுக்கு 720 × 480 புள்ளிகள். ப்ளூ-ரேயில் இந்தத் தொடரின் 4:3 வடிவப் படம் (அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு) 1440 × 1080 புள்ளிகளை நிரப்புகிறது. கணக்குப் போட்டால் நாலரை மடங்கு.

இந்தத் தொடருக்கு அது ஏன் இவ்வளவு முக்கியம்? பின்னணி ஓவியங்களை வழக்கமாக வெள்ளைத் தாளில்தான் தீட்டுவார்கள். ரடோம்ஸ்கி கறுப்புத் தாளில் தீட்டச் சொன்னார். இருட்டை வண்ணமாகப் பூசாமல், இருட்டிலிருந்து வெளிச்சத்தை மட்டும் எடுத்துத் தீட்டுவது. கோத்தம் நகரத்தின் கட்டடங்கள், தெருவிளக்குகள், புகை எல்லாம் அப்படிப் பிறந்தவை. டிவிடியில் அந்தக் கருமை பல இடங்களில் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். ப்ளூ-ரேயில் கருமைக்குள்ளேயே இருக்கும் நீலமும் சிவப்பும் பிரிந்து தெரியும். என்னைக் கேட்டால், ப்ளூ-ரே வாங்க இந்த ஒரு காரணமே போதும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். படம் தெளிவானால் குறைகளும் தெளிவாகும். இந்தத் தொடரின் அனிமேஷன் வேலையை ஜப்பானிலும் கொரியாவிலும் இருந்த பல ஸ்டூடியோக்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். எல்லாருடைய வேலையும் ஒரே தரத்தில் இல்லை. 'ஃபீட் ஆஃப் கிளே' என்ற இரண்டு பகுதிக் கதையைப் பாருங்கள். முதல் பகுதி ஒரு ஸ்டூடியோ, இரண்டாம் பகுதி டோக்கியோ மூவி ஷின்ஷா. களிமண் மனிதன் உருமாறும் இரண்டாம் பகுதியின் கடைசிக் காட்சிகளைப் பார்த்தால் வித்தியாசம் உங்களுக்கே புரியும். செல் தாளில் ஒட்டிய தூசியும் சில இடங்களில் தெரியும். டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், அவை பிலிமிலேயே இருப்பவை.

காசு இடிக்கிறது, அல்லது வீட்டில் டிவிடி பிளேயர் மட்டும்தான் இருக்கிறது என்றால் டிவிடியும் தவறில்லை. வால்யூம் ஒன்றை மட்டும் முதலில் வாங்கிப் பாருங்கள். 'ஹார்ட் ஆஃப் ஐஸ்', 'டூ-ஃபேஸ்', ஹார்லி குவின் முதன்முதலில் தோன்றும் 'ஜோக்கர்ஸ் ஃபேவர்' எல்லாம் அந்த 28-க்குள் வந்துவிடும்.

உங்கள் பிளேயர் அந்த டிஸ்க்கை ஏற்குமா

பணம் கட்டும் முன் செய்ய வேண்டிய சோதனை இது. டிவிடிக்கும் ப்ளூ-ரேக்கும் பகுதிக் குறியீடு உண்டு. பிளேயரின் குறியீடும் டிஸ்க்கின் குறியீடும் ஒத்துப்போகாவிட்டால் திரையில் எச்சரிக்கை வாசகம் மட்டும்தான் வரும்.

டிவிடியில் இந்தியாவும் இலங்கையும் 5. சிங்கப்பூர், மலேசியா 3. பிரிட்டன், ஐரோப்பா, வளைகுடா நாடுகள் 2. ஆஸ்திரேலியா 4. அமெரிக்காவும் கனடாவும் 1. ப்ளூ-ரேயில் எண்ணுக்குப் பதில் எழுத்து: இந்தியா, இலங்கை 'சி'. சிங்கப்பூர், மலேசியா, வட அமெரிக்கா 'ஏ'. பிரிட்டன், ஐரோப்பா, வளைகுடா, ஆஸ்திரேலியா 'பி'.

ஆக, சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கிய ஒரு சாதாரண டிவிடி பிளேயரில் அமெரிக்க டிவிடி ஓடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பல மலிவான பிளேயர்களில் ரிமோட்டில் சில எண்களை அழுத்திப் பூட்டை நீக்கும் வழி இருக்கும். உங்கள் மாடல் எண்ணைப் போட்டுத் தேடிப் பாருங்கள். ப்ளூ-ரே பிளேயரில் அது அவ்வளவு சுலபம் இல்லை. ஆனால் இந்தத் தொடரை வெளியிட்ட வார்னர் நிறுவனத்தின் ப்ளூ-ரேக்களில் பல, பூட்டு இல்லாமல் எல்லாப் பகுதிகளிலும் ஓடும்படி வருபவை. விற்பவரிடம் "பெட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கேளுங்கள். ஏ, பி, சி மூன்றும் ஒரே உருண்டைச் சின்னத்தில் இருந்தால் நிம்மதி. ஒரே ஒரு எழுத்து இருந்தால் உங்கள் பிளேயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சின்னமே இல்லை என்றால், அதே பதிப்பை உங்கள் பகுதியில் ஓட்டிப் பார்த்த யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிவிட்டு முடிவு செய்யுங்கள்.

கணினியின் டிவிடி டிரைவைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிரைவின் பகுதிக் குறியீட்டை ஐந்து முறைதான் மாற்ற முடியும். அதற்குப் பிறகு கடைசியாக வைத்த குறியீட்டிலேயே நின்றுவிடும். விளையாட்டாக மாற்றிப் பார்க்காதீர்கள்.

டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் ப்ளூ-ரே ஓடும். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் தனி பிளேயர் வாங்க வேண்டாம். இல்லை என்றால் பிளேயர் வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒப்போ 2018-லேயே இந்தத் தொழிலை விட்டது, சாம்சங் 2019-ல் அமெரிக்கச் சந்தைக்குப் புது மாடல் கொண்டுவருவதை நிறுத்தியது. கடைகளில் தேர்வு வருடா வருடம் சுருங்கிக்கொண்டே போகிறது.

பிரிட்டனிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ டிவிடி வாங்க நினைத்தால் இன்னொரு விஷயம். அந்த நாடுகளின் பிஏஎல் என்ற தொலைக்காட்சி முறையில் வினாடிக்கு 25 பிரேம். பிலிமில் இருப்பது 24. நேராக மாற்றினால் படம் 4 சதவீதம் வேகமாக ஓடும். 22 நிமிட எபிசோடு ஏறக்குறைய 53 வினாடி சீக்கிரமாக முடிந்துவிடும். குரலின் சுருதியும் கொஞ்சம் ஏறும். அமெரிக்க வீடியோவை எடுத்து அப்படியே மாற்றியிருந்தால் வேகம் சரியாக இருக்கும், ஆனால் அசைவுகளில் நிழல் போல இரட்டை பிம்பம் வரும். கெவின் கான்ராயின் அந்தத் தாழ்ந்த குரலுக்காகவே இந்தத் தொடரைப் பார்க்கிறவர்கள் உண்டு. அமெரிக்க டிவிடியே மேல்.

மொழி பற்றி: இந்த டிஸ்க்குகளில் தமிழ் ஒலித்தடம் கிடையாது. ப்ளூ-ரேயில் ஆங்கில சப்டைட்டில் இருப்பதால் பின்தொடர்வது கஷ்டமாக இருக்காது.

பழைய டிஸ்க் வாங்கும்போது

புதுப் பெட்டி கிடைக்காமல், ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்ததை வாங்க நேரலாம். அப்போது விற்பவரிடம் கேட்க வேண்டியவை நான்குதான். எத்தனை டிஸ்க்குகள்? எல்லா டிஸ்க்குகளின் அடிப்பக்கமும் படம் எடுத்து அனுப்ப முடியுமா? ஓட்டிப் பார்த்தீர்களா? ஓடாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

போலியைக் கண்டுபிடிக்க டிஸ்க் எண்ணிக்கையே உதவும். உண்மையான டிவிடி முழுத் தொகுப்பு 17 டிஸ்க், ப்ளூ-ரே டீலக்ஸ் பெட்டி 12 டிஸ்க். "109 எபிசோடும் ஐந்தாறு டிவிடியில்" என்று யாராவது விற்றால் அது திருட்டுப் பிரதி. இரண்டு அடுக்கு டிவிடியில் 8.5 ஜிபிதான் பிடிக்கும். அசல் தொகுப்பில் ஒரு டிஸ்க்குக்கு சுமார் ஏழு எபிசோடுகள்தான் வைத்தார்கள். இருபதைத் திணித்தால் படம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தொழிற்சாலையில் அச்சிட்ட டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளியாகவோ, இரண்டு அடுக்கு என்றால் லேசான பொன்னிறமாகவோ இருக்கும். ஊதா நிறம் அடித்தால் வீட்டில் எரித்த டிஸ்க் என்று அர்த்தம்.

அப்புறம், பலருக்குத் தெரியாத ஒரு செய்தி. 2006-லிருந்து 2008 வரை தயாரான தங்கள் டிவிடிகளில் சில கெட்டுப்போவதை வார்னர் நிறுவனம் 2025-ல் ஒப்புக்கொண்டது. கீறல் ஒன்றும் இருக்காது, பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும், ஆனால் பாதியில் உறைந்து நின்றுவிடும் அல்லது பிளேயர் டிஸ்க்கையே ஏற்காது. அடுக்குகளை ஒட்டிய விதத்தில் வரும் கோளாறு இது, துடைத்துச் சரிசெய்ய முடியாது. 2008 நவம்பரில் வந்த அந்த 17 டிஸ்க் பெட்டி இந்தக் காலகட்டத்தில் வருகிறது. எல்லாப் பெட்டியும் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் அதை ஓட்டிப் பார்க்காமல் முழு விலை கொடுப்பது ஆபத்து. 2004, 2005-ல் அச்சிட்ட தனித்தனி வால்யூம்கள் அந்தக் காலகட்டத்துக்கு முந்தியவை. டிவிடி என்று முடிவு செய்தால் நான் அவற்றைத்தான் தேடுவேன். அவற்றிலும் பின்னாளில் மறு அச்சு போட்டவை இருக்கக்கூடும் என்பதால், சோதனை எதற்கும் விலக்கு கிடையாது.

கைக்கு வந்த முதல் வாரத்தில்

திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன் எல்லா டிஸ்க்குகளையும் சோதித்துவிடுங்கள். முதல் டிஸ்க்கை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்து, மூன்று மாதம் கழித்து எட்டாவது டிஸ்க்குக்கு வரும்போது அது ஓடவில்லை என்றால் யாரிடமும் போய் நிற்க முடியாது.

109 எபிசோடுகளையும் பார்த்தால்தான் சோதனை என்று இல்லை. இரண்டு அடுக்கு டிவிடியில் லேசர் முதலில் நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரு அடுக்கைப் படிக்கும். பிறகு அடுத்த அடுக்குக்கு மாறி, விளிம்பிலிருந்து நடுவுக்குத் திரும்பி வரும். ஆகவே டிஸ்க்கின் வெளி விளிம்பில் இருப்பது கதை வரிசையில் நடுப்பகுதி. விரல் படுவதும், கறை பிடிப்பதும், கோளாறு தெரிவதும் அங்கேதான் அதிகம். ஏழு எபிசோடு உள்ள டிஸ்க்கில் மூன்று, நான்கு, ஐந்தாவது எபிசோடுகளை ஓடவிட்டு ஆங்காங்கே தாவிப் பாருங்கள். பிறகு கடைசி எபிசோட்டின் முடிவு வரை போய்ப் பாருங்கள். தட்டாமல் தடங்காமல் ஓடினால் சரி.

ப்ளூ-ரேயில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. டிவிடியில் அது 0.6 மில்லிமீட்டர். இந்தக் காரணத்தால் ப்ளூ-ரேயின் மேல் கடினமான பூச்சு இருக்கும். எளிதில் கீறல் விழாது. ஆனால் ஆழமாக விழுந்துவிட்டால் மீட்பு இல்லை. டிவிடியைத் தேய்த்து மெருகேற்றும் கடைகளிலோ கருவிகளிலோ ப்ளூ-ரேயைக் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பூச்சு போனால் டிஸ்க்கே போனது.

துடைப்பதென்றால் மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில். சுற்றிச் சுற்றித் துடைத்தால், கீறல் விழும் பட்சத்தில் அது தடத்தோடு சேர்ந்து ஓடி, லேசருக்குப் படிக்க முடியாமல் போகும். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் டிஸ்க்கில் பூஞ்சை பிடிக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள்.

டிவியைச் சரிசெய்துவிட்டு உட்காருங்கள்

இந்தப் பகுதியைப் பலரும் தாண்டிப்போவார்கள். தாண்டாதீர்கள். நல்ல டிஸ்க் வாங்கி, டிவி அமைப்பைக் கோட்டைவிட்டால் போட்ட காசு அத்தனையும் வீண்.

தொடர் 4:3 வடிவத்தில் எடுத்தது. அகலத் திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். 'ஜூம்' வைத்து நிரப்பினால் மேலும் கீழும் வெட்டுப்படும். இந்தத் தொடரில் உயரமான கோபுரங்களையும் நெடிய நிழல்களையும் வைத்தே காட்சிகளை அமைத்திருக்கிறார்கள், அவைதான் முதலில் போகும். 'ஸ்ட்ரெச்' வைத்தால் பேட்மேன் குட்டையாகிவிடுவார். எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்து, டிவியில் 'ஒரிஜினல்' அல்லது '4:3' என்ற தேர்வை வையுங்கள்.

அடுத்து, அசைவை வழவழப்பாக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. மெனுவில் 'மோஷன்' என்ற சொல்லோடு இருக்கும். கையால் வரைந்த அனிமேஷனில் பெரும்பாலும் ஒரு ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்துவார்கள். வினாடிக்கு 12 ஓவியம். அந்த நிறுத்தமும் தாவலும்தான் அதன் தாளம். டிவி தானாக இடைப்பட்ட பிரேம்களைக் கற்பனை செய்து நிரப்பினால், கோடுகள் நெளிந்து, ஓவியரின் வேலை கண்ணெதிரே கெட்டுப்போகும். 'ஷார்ப்னஸ்' என்பதையும் குறைத்துவையுங்கள், இல்லாவிட்டால் கறுப்புக் கோடுகளைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரியும்.

விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். கறுப்புத் தாளில் பிறந்த படம் அது.

ஒலி இரண்டு சேனல் மட்டுமே. சவுண்ட்பாரில் செயற்கையாகச் சுற்றொலி உண்டாக்கும் அமைப்பு எதுவும் வேண்டாம். இசையமைப்பாளர் ஷெர்லி வாக்கரும் அவருடைய குழுவும் ஒவ்வொரு எபிசோடுக்கும் தனியாக இசை எழுதி, முழு ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து ஒலிப்பதிவு செய்தார்கள். தினசரி மாலை ஓடும் சிறுவர் நிகழ்ச்சிக்கு யாரும் அப்படிச் செலவு செய்வதில்லை. ஸ்டீரியோவில் அப்படியே விடுங்கள், போதும்.

எந்த வரிசையில் பார்ப்பது

டிஸ்க்கில் இருக்கும் வரிசை, தயாரித்த வரிசை. ஒளிபரப்பிய வரிசை வேறு. ஃபாக்ஸில் முதலில் ஓடியது பூனைப்பெண் வரும் 'தி கேட் அண்ட் தி க்ளா' முதல் பகுதி. அந்தக் கோடையில்தான் அதே பாத்திரம் வந்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படம் திரையரங்குகளில் ஓடியிருந்தது. முதலில் தயாரித்ததோ 'ஆன் லெதர் விங்ஸ்'. டிஸ்க்கில் அதுதான் முதல் எபிசோடு. வௌவால் போன்ற ஒரு ஜந்து நகரத்தில் பறக்கிறது, பழி பேட்மேன் மீது விழுகிறது. தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான கதை இல்லை. இரண்டாவதாக ஒரு கிறிஸ்துமஸ் கதை வருவதைப் பார்த்து வரிசை தப்பிவிட்டதோ என்று நினைக்க வேண்டாம், தயாரித்த வரிசையில் அது அங்கேதான் இருக்கிறது.

பெரும்பாலான கதைகள் தனித்தனி, எங்கே தொட்டாலும் புரியும். ஆனாலும் டிஸ்க் வரிசையிலேயே போங்கள் என்பேன். முதல் சில எபிசோடுகளில் குழு இன்னும் தன் நடையைத் தேடிக்கொண்டிருக்கும். பதினான்காவதாக 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' வரும்போது அது கிடைத்துவிட்டது தெரியும். பால் டினி எழுதி புரூஸ் டிம் இயக்கிய கதை. காமிக்ஸில் ஒப்புக்கு இருந்த மிஸ்டர் ஃப்ரீஸ், மனைவியை இழந்த துயரத்தால் உறைந்துபோன மனிதனாக இங்கே மாறினார். எழுத்துக்காக இதற்கு டேடைம் எம்மி விருது கிடைத்தது. 'ராபின்ஸ் ரெக்கனிங்' முதல் பகுதி 1993-ல் பிரைம்டைம் எம்மி வாங்கியது.

முதல் 65 முடிந்ததும் 'மாஸ்க் ஆஃப் தி ஃபேன்டசம்' படத்தைப் பாருங்கள். இதைத் தனியாகவும் வாங்கலாம்: 2017-ல் ப்ளூ-ரேயும் 2023-ல் 4கே டிஸ்க்கும் வந்தன. 4கே டிஸ்க்குக்குப் பகுதிப் பூட்டு கிடையாது, ஆனால் அதற்கென்று 4கே பிளேயர் வேண்டும். 85 எபிசோடுகளும் முடிந்தபின் 'சப்ஜீரோ'. அது 1998-ல் வந்ததால் 24 புது எபிசோடுகளுக்குப் பிறகு பார்க்க வேண்டும் என்று தேதியை வைத்துச் சொல்வார்கள். உருவங்களும் கதையும் பழைய பாணியைச் சேர்ந்தவை, ஆகவே புது பாணிக்குள் போகும் முன் பார்ப்பதே சரி. கடைசியாக அந்த 24. பாணி மாறிய அதிர்ச்சி முதலில் கொஞ்சம் இருக்கும், சில எபிசோடுகளில் கண் பழகிவிடும்.

கூடுதல் அம்சங்களில் இரண்டைத் தவறவிட வேண்டாம். ப்ளூ-ரே தொகுப்பில் 'தி ஹார்ட் ஆஃப் பேட்மேன்' என்ற நீண்ட ஆவணப்படம் இருக்கிறது; அதில் எபிசோடுகளின் கதைகளைத் தொட்டுப் பேசுவார்கள் என்பதால் 85-ஐ முடித்துவிட்டுப் பாருங்கள். 'ஆன் லெதர் விங்ஸ்', 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' இரண்டுக்கும் உருவாக்கியவர்களே பேசும் விளக்க ஒலித்தடம் உண்டு. டிவிடி வாங்குபவர்களுக்கும் வால்யூம் ஒன்றிலேயே அது கிடைக்கும். எபிசோடை ஒருமுறை சாதாரணமாகப் பார்த்துவிட்டு, அன்றைக்கே ஒலித்தடத்தை மாற்றி இரண்டாம் முறை ஓடவிடுங்கள்.